பின்னாலிருந்து வரும் சத்தம்

பழைய காரை விற்றுவிடலாம் என்று முடிவெடுக்க வைப்பது பல சமயம் எஞ்சின் அல்ல. கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் புஷ். மாற்றச் சில நூறு ரூபாய்தான். ஆனால் தப்பாகப் பொருத்தினால் சில மாதம்கூடத் தாங்காது.

முதலில் ஒரு சத்தம்தான். வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு தட்டல். டிக்கியில் ஸ்டெப்னி ஆடுகிறதோ என்று நினைத்து அதை இறுக்குகிறார்கள். ஜாக்கியையும் ஸ்பானரையும் பழைய துணியில் சுற்றி வைக்கிறார்கள். சத்தம் போவதில்லை. பின்சீட்டில் உட்காரும் பெரியவர்களுக்குத்தான் அது முதலில் கேட்கும். ஓட்டுகிறவர் ரேடியோவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துச் சமாளிப்பார். கடைசியில் மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் உடனே தீர்ப்பு வந்துவிடும்: ஷாக் அப்சார்பர் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும்.

மாற்றுகிறார்கள். பில் ஆயிரங்களில் வருகிறது. புது ஷாக் அப்சார்பர் விறைப்பாக இருப்பதால் சில நாள் வண்டி அமைதியாக ஓடுகிறது. பிறகு மறுபடியும் அதே டொக். இப்போது காரின் உரிமையாளர் வேறு கணக்குப் போட ஆரம்பிக்கிறார். வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி இதில் பணம் போடுவது வீண், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். பழைய கார் வியாபாரிக்கும் இந்தச் சத்தம் தெரியும். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, விலையைக் குறைப்பார். வாங்கிய பிறகு அவர் முதலில் மாற்றுவது எதை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அவர் மாற்றுவது புஷ். இரும்புக் குழாய்க்குள் ரப்பர், அந்த ரப்பருக்கு நடுவே இன்னொரு சிறிய இரும்புக் குழாய். அவ்வளவுதான். பின்பக்க ஆக்ஸிலையும் காரின் உடலையும் இணைக்கும் ஒவ்வொரு மூட்டிலும் இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மனித உடம்பில் முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தேயும் வரை இருப்பதே தெரியாது.

இந்தியாவில் இந்த விஷயத்தைப் பேச மாருதி 800-ஐ விடப் பொருத்தமான வண்டி இல்லை. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்ததில் தொடங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளியே வந்தன. நடுத்தரக் குடும்பத்தின் முதல் கார் என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அடைமொழிக்கு அது முழுத் தகுதி உடையதும்கூட. கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது பத்து வயதுக்கு மேல். இன்னமும் சின்ன ஊர்களில் டிரைவிங் பள்ளி வண்டியாகவும், ஓய்வு பெற்றவர்கள் வங்கிக்கும் கோயிலுக்கும் எடுத்துப் போகும் வண்டியாகவும், கேரளத்தில் குறுகலான மலைத்தெருக்களில் எஸ்டேட் வண்டியாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் பிரச்னை என்றால் எந்த மூலையிலும் ஆள் கிடைப்பார். பின்பக்க சஸ்பென்ஷனைக் குனிந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

1986-ல் வந்த புதிய உருவத்திலிருந்து இந்தக் காரின் பின்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி என்பதால் பின் ஆக்ஸிலுக்கு எஞ்சினோடு சம்பந்தமே இல்லை. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் வெறும் இரும்புக் குழாய் அது. அதன் மீது இரண்டு காயில் ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஆனால் ஆக்ஸிலை இடத்தில் நிறுத்தி வைக்காது. அந்த வேலைக்கு இரண்டு பக்கமும் நீளவாக்கில் இரண்டு டிரெய்லிங் ஆர்ம். குறுக்கே ஒரு லேட்டரல் ராடு. ஆர்ம் இரண்டும் ஆக்ஸில் முன்னேயோ பின்னேயோ போகாமல் பிடிக்கும். குறுக்கு ராடு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும். ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு புஷ். ஆக மொத்தம் 6. ஷாக் அப்சார்பரின் முனைகளில் இருக்கும் சிறிய ரப்பர்கள் தனிக் கணக்கு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அது புரியாமல் வேலை செய்வதால்தான் புதுப் புஷ்கள் சீக்கிரம் சாகின்றன. அந்தக் காலத்து வண்டிகளில் இத்தகைய மூட்டுகளில் பித்தளை அல்லது வெண்கலப் புஷ்ஷும் ஒரு பின்னும் இருக்கும். பின் உள்ளே வழுக்கிச் சுழலும். வாரா வாரம் கிரீஸ் அடிக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷில் எதுவும் வழுக்குவதில்லை. வெளிக் குழாய் ஆர்மில் இறுக்கமாக அழுத்தப்பட்டிருக்கிறது. உள் குழாயைப் போல்ட் இரண்டு பக்கமும் நெருக்கி, காரின் உடலோடு அசையாமல் கட்டிவிடுகிறது. நடுவில் இருக்கும் ரப்பர் இரண்டோடும் ஒட்ட வைத்து வேக வைக்கப்பட்டது. சக்கரம் மேலே ஏறினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். இறங்கினால் முறுக்கு அவிழும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, ஆனால் மிகக் குறைந்த கோணத்தில், லட்சக்கணக்கான தடவை. கிரீஸும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பட்டால் உண்மையில் கெடுதல்: இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து ஊதிப் பிசுபிசுத்துப் போகும். சர்வீஸ் முடிந்ததும் 'அடியில் எல்லாம் ஆயில் ஸ்ப்ரே அடித்திருக்கிறோம்' என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் ரப்பரை விட்டுவிட்டு அடித்தீர்களா என்று கேட்பது நல்லது.

செயற்கை ரப்பர்கள் இத்தனை வந்த பிறகும் இந்த மாதிரி இடங்களுக்கு இயற்கை ரப்பர் இன்னும் விரும்பப்படுகிறது. திரும்பத் திரும்ப முறுக்கினாலும் சீக்கிரம் கிழியாத குணம் அதற்கு அதிகம். இந்தியாவில் அந்த ரப்பர் பாலில் பெரும்பங்கு கேரளத்தில் வடிகிறது. ஓரளவு கன்னியாகுமரி மாவட்டத்திலும், இப்போது திரிபுராவிலும். கோட்டயத்தில் காலையில் சிரட்டையில் சொட்டும் பால்தான் கடைசியில் ஏதோ ஒரு ஊரின் வேகத்தடையில் அடி வாங்குகிறது.

வாங்கும் அடியும் சாதாரணமானதல்ல. இந்திய ரோடு காங்கிரஸ் 1988-ல் வேகத்தடைக்கு ஓர் அளவு நிர்ணயித்தது. 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பெரிய தொந்தரவில்லாமல் கடந்துவிடும். நம் தெருக்களில் இருப்பது என்ன என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவோடு இரவாக உள்ளூர்க்காரர்கள் கொட்டிய சிமென்ட் மேடு, ஓர் அடி அகலத்தில் செங்குத்தாக நிற்கும் தார்க்குவியல், சாலையில் போல்ட் அடித்துப் பொருத்திய பிளாஸ்டிக் வரப்பு. ஒவ்வொன்றும் பின் ஆக்ஸிலைப் பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதையை வாங்குவது டிரெய்லிங் ஆர்மின் புஷ். நாலு பேருக்குச் செய்த வண்டியில் ஆறு பேரும், கல்யாணச் சாமான்களும் ஏறினால் சொல்லவே வேண்டாம். வருடங்கள் போகப் போக வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய கீறல்களை உண்டாக்குகின்றன. அதிகம் ஓடாமல் வீட்டில் நிற்கும் வண்டிக்கும் இது உண்டு. 'வண்டி 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது' என்பது எஞ்சினுக்கு நற்சான்றிதழாக இருக்கலாம்; 20 வருட ரப்பருக்கு அல்ல.

சத்தம் மட்டும்தான் என்றால் பொறுத்துக்கொண்டு போய்விடலாம். விஷயம் அதோடு நிற்பதில்லை. ஒரு பக்க ஆர்மின் ரப்பர் கிழிந்துபோனால் அந்தப் பக்கத்துச் சக்கரம் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்துவிடுகிறது. பிரேக் அடித்ததும் அந்தச் சக்கரம் சற்றுப் பின்னுக்குப் போகும்; மறுபக்கம் நிற்கும். ஆக்ஸில் கோணலாகும். அதாவது பின்சக்கரங்கள் ஸ்டியரிங் இல்லாமலே திரும்புகின்றன. ஊருக்குள் 30 கிலோமீட்டரில் இதை உணர்வதே கடினம். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது, திடீரென ஒதுங்கும்போது, மழையில் பிரேக் மிதிக்கும்போது, 'பின்பக்கத்தை வேறு யாரோ ஓட்டுகிற மாதிரி' ஓர் அலைச்சல் வரும். அனுபவமுள்ள டிரைவர்கள் இந்த உணர்வை உடனே கண்டுகொள்வார்கள். மாருதி 800-ன் எடை 650 கிலோ அளவில்தான். பின்பக்கம் இன்னும் லேசு. 1980களின் சாலைகளுக்கு என்று வந்த அந்த வண்டி இப்போது நாலுவழி, ஆறுவழிச் சாலைகளில் 90, 100 என்று பறக்கும் வண்டிகளோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அங்கே பின் ஆக்ஸில் தன் இஷ்டத்துக்கு அரை அங்குலம் நகர்வது விளையாட்டல்ல.

டயரும் சாட்சி சொல்லும். பின் டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறதா? 'அலைன்மென்ட்' பார்க்கச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் ஓட, பில் வரும். ஆனால் இந்த வண்டியின் பின் ஆக்ஸிலில் சக்கரக் கோணத்தைத் திருத்த எந்த அட்ஜஸ்ட்மென்டும் கிடையாது, திருத்துவதெல்லாம் முன்பக்கம்தான். பின்பக்கம் கோணல் என்று திரை காட்டினால் ஒன்று ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது புஷ் போயிருக்கிறது.

உறுதி செய்ய கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, ஒரு டேப் போதும். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, ஸ்டியரிங்கையும் நேராக வைத்து, முன்சக்கர நடுப்புள்ளியிலிருந்து பின்சக்கர நடுப்புள்ளி வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மாருதி 800-ல் இது 2,175 மில்லிமீட்டர். இரு பக்க அளவும் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபட்டால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்தது லீவர் சோதனை. வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நீளமான கம்பியைக் கொடுத்து நெம்ப வேண்டும். நல்ல புஷ் கொஞ்சம் நெளிந்து திரும்பி வரும். போன புஷ்ஷில் உள் குழாய் தனியாகத் தள்ளாடும். ரப்பரில் பிளவு வாய் திறக்கும். சிலவற்றில் ரப்பர் இருந்த இடத்தில் கருப்புத் தூள்தான் மிச்சம். நடுவில் இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் நெம்பவே வேண்டாம், பார்த்தாலே போதும். மேலோட்டமான கீறல்களை மட்டும் காட்டி மாற்றச் சொன்னால் அவசரப்பட வேண்டியதில்லை.

இந்தக் கஷ்டம் மாருதிக்கு மட்டும் உரியதல்ல. 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடரிலும், மும்பை டாக்ஸிகளாக ஒரு தலைமுறையை ஏற்றிச் சென்ற பிரீமியர் பத்மினியிலும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அங்கே பட்டையே ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் செய்கிறது. பட்டையின் கண்களிலும், பின்முனையில் தொங்கும் ஷாக்கிளிலும் ரப்பர் புஷ்கள். அவை தேய்ந்தால் கிளட்சை விடும்போது ஒரு 'தட்', கியர் மாற்றும்போது இன்னொரு 'தட்'. வடக்கே இதற்கென்றே 'கமானி' மிஸ்திரிகள் இருக்கிறார்கள். லாரிப்பட்டைகளை நெருப்பில் காய்ச்சி வளைக்கும் அதே பட்டறையில் அம்பாசடரின் புஷ்ஷையும் பத்து நிமிடத்தில் தட்டி மாட்டிவிடுவார்கள். அந்தப் புஷ்கள் கையால் தள்ளினாலே உட்காரும் இரண்டு துண்டு ரப்பர்கள் என்பதால் அது சாத்தியம். மும்பையின் கடைசி கறுப்பு மஞ்சள் பத்மினி 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டது. அந்த டிரைவர்களுக்குத் தெரிந்த வித்தைகளில் பாதி அதோடு போயிற்று.

சாமான் வாங்குவது தனிக்கலை. தில்லி என்றால் காஷ்மீரி கேட், கொல்கத்தா என்றால் மல்லிக் பஜார், பெங்களூர் என்றால் ஜே.சி. ரோடு, சென்னை என்றால் ஜி.பி. ரோடு. உற்பத்தி நின்ற வண்டிக்கும் அங்கெல்லாம் புஷ் கிடைக்கும். எத்தனை தரத்தில் என்பதுதான் கேள்வி. கம்பெனி டப்பாவில் ஒன்று, தெரிந்த பிராண்டில் ஒன்று, பெயரே இல்லாமல் பாலிதீன் பையில் ஒன்று. மூன்றும் பார்க்க ஒன்று போலிருக்கும். கடைசியில் சொன்னது சைக்கிள் டியூப் போலப் பளபளக்கும். நகத்தால் அழுத்தினால் தழும்பு நிற்கும் அல்லது கல்லாக இருக்கும். ரப்பருக்கும் இரும்புக்கும் இடையே ஒட்டுதல் சரியாக இல்லாதது வாங்கும்போது தெரியாது, மூன்றாம் மாதம் தெரியும். உதிரி பாகங்களில் போலி என்றால் எல்லோரும் பிரேக், ஃபில்டர் என்றுதான் பேசுகிறார்கள். புஷ்ஷைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல புஷ்ஷுக்கும் மோசமான புஷ்ஷுக்கும் விலை வித்தியாசம் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடும். இதில் மிச்சம் பிடிப்பது போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. சம்பளம்தான் பெரிய செலவு; அதை வருடத்துக்கு இரண்டு தடவை கொடுக்க நேரும். பழைய உடைசல் வண்டியிலிருந்து கழற்றிய ஆர்மைப் புஷ்ஷோடு சேர்த்து மலிவாகத் தருவார்கள். அதில் இருப்பது உங்கள் வண்டியில் இருப்பதைப் போலவே வயதான ரப்பர்.

இனி வேலை. தெருவோரப் பட்டறையில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கடியில் பதினாறு வயதுப் பையன் படுத்திருப்பான். போல்ட் துருவேறி உள் குழாயோடு ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சென்னை, மும்பை, விசாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் இது நிச்சயம். பாதி நாள் அந்தப் போல்ட்டோடு போராடுவதிலேயே போய்விடும். கழற்றிய ஆர்மை நெருப்பில் போட்டு ரப்பரை எரிப்பார்கள். கருப்புப் புகை தெருவையே மறைக்கும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் யார் என்பது இருக்கட்டும், ஆர்மின் பெயின்ட் போய் அடுத்த மழையிலேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். பிறகு சுத்தியல். புதுப் புஷ்ஷின் விளிம்பில் அடி விழ விழ வெளிக்குழாய் நசுங்கும், ஆர்மின் கண் முட்டை வடிவமாகும். அப்புறம் எந்தப் புஷ்ஷும் அதில் இறுக்கமாக நிற்காது.

சரியான வழிக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. முதல் நாள் மாலையிலேயே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் மறுநாள் பாதி வேலை குறையும். அது ரப்பரில் வழிந்தாலும் கவலையில்லை, எப்படியும் போகப் போகிற ரப்பர். ஜாக்கியில் தூக்கிய பிறகு வண்டியின் உடலை இரண்டு ஸ்டாண்டில் உட்கார வைத்தே தீர வேண்டும். முன்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். ஆக்ஸிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி தாங்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்மைக் கழற்றியதும் ஆக்ஸில் தொங்கி, பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங் நழுவும். இரண்டு ஆர்மையும் ஒரே நேரத்தில் கழற்றுவது வீண் வம்பு. ஒரு பக்கம் முடித்துப் பூட்டிவிட்டு அடுத்த பக்கம் போனால் ஆக்ஸில் இடம் மாறாது, போல்ட் துளை தேடி நெம்ப வேண்டியதும் இருக்காது.

கழற்றிய ஆர்மை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பழைய புஷ் சில நிமிடத்தில் வெளியே வந்துவிடும். பிரஸ் இல்லாத ஊரில் ஒரு நீளமான போல்ட், நட், வாஷர்கள், புஷ்ஷின் வெளிவிட்டத்துக்குச் சரியாக ஒரு குழாய்த்துண்டு, அதைவிடப் பெரிதாக இன்னொன்று போதும். நட்டை இறுக்க இறுக்க புஷ் அமைதியாக உள்ளே போகும். விசை எப்போதும் வெளிக்குழாயின் மீதுதான் விழ வேண்டும், ரப்பரின் மீதோ உள் குழாயின் மீதோ அல்ல. பிடிவாதமான பழைய வெளிக்குழாயை ரம்பத்தால் உள்ளிருந்து ஒரு கோடு அறுத்துவிட்டால் தானே சுருங்கிக் கழன்றுவிடும். ஆர்மின் கண்ணையும் சேர்த்து அறுத்துவிடாத பொறுமை வேண்டும். புதிதை ஏற்றும்முன் கண்ணைத் துருத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். கிரீஸ் கூடாது. பழைய புஷ் இரு பக்கமும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தது என்று கழற்றும் முன்பே அளந்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வேறு சில கார்களின் புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள், அம்புக்குறியும் இருக்கும். அந்தத் திசை மாறினால் வண்டியின் குணமே மாறிவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூட ஒரு விஷயத்தில் சறுக்குகிறார்கள். அதுதான் இந்த வேலையின் உயிர். ஆர்மை மாட்டிய கையோடு, வண்டி ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் கீழே தொங்க, போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கிவிடுகிறார்கள். என்ன நடக்கிறது? ரப்பர் முறுக்கில்லாமல் ஓய்வாக இருக்கும் நிலை, சக்கரம் தொங்கும் நிலையாகப் பதிந்துவிடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் கணிசமான கோணம் திரும்புகிறது. ரப்பரும் அவ்வளவு தூரம் முறுக்கிக்கொள்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதே முறுக்கு. ராத்திரி முழுக்க நிற்கும்போதும் முறுக்கு. இதன்மேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் முறுக்குகிறது. ஒட்டுதல் விட்டுப்போக அதிக நாள் ஆகாது. 'போன தீபாவளிக்குத்தான் மாற்றினோம், அதற்குள் போய்விட்டது, இப்போதெல்லாம் சாமானே சரியில்லை' என்ற புலம்பலில் ஒரு பங்கு இந்தப் போல்ட்டைச் சேரும். சாமானை மட்டும் பழிப்பது நியாயமில்லை.

முறை இதுதான். போல்ட்டை முதலில் லேசாகப் பூட்ட வேண்டும். சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலு தடவை அழுத்தி விட்டு, தன் எடையில் வண்டி அமைதியாக உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம். எவ்வளவு இறுக்குவது என்பது கம்பெனி மேனுவலில் இருக்கும். டார்க் ஸ்பானர் இருந்தால் நல்லது. வண்டி தரையில் இருக்கும்போது அடியில் கை எப்படிப் போகும் என்று கேட்கலாம். பழைய பட்டறைகளில் இருக்கும் பிட், அதாவது ஆள் இறங்கி நின்று வேலை செய்யும் குழி, இதற்கு வரப்பிரசாதம். பளபளப்பான ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தோளில் தூக்குகிற மாதிரி தூக்கும் லிஃப்டில் நாலு சக்கரமும் தொங்கும். நேரமில்லாத ஆள் அங்கேயே இறுக்கி முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். குழியைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம். குழியும் இல்லை என்றால், ஆக்ஸிலின் கீழே ஜாக்கியைக் கொடுத்து, வண்டியின் எடை ஸ்பிரிங்கின் மீது இறங்கும் வரை உயர்த்தி வைத்து இறுக்கலாம். ஸ்டாண்டு அடியிலேயே இருக்க வேண்டும். பூட்டு நட்டுகள் புதிதாக இருப்பது நல்லது. நைலான் வளையமுள்ள நட் ஒருமுறை கழற்றினால் பிடிப்பு குறையும்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்குச் சரி. அது கெட்டியானது, எண்ணெய்க்கும் வெயிலுக்கும் அஞ்சாது. ஆனால் பெரும்பாலும் அது ரப்பர் போல முறுக்காமல் உள் குழாயைச் சுற்றி வழுக்கும் வகை. அதற்கென்றுள்ள சிலிகான் கிரீஸ் காய்ந்தால் கதவுக்கீல் போல முனகும். சாலையின் ஒவ்வொரு சரளைக்கல்லும் முதுகில் தெரியும். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகிற வண்டிக்கு அது எதற்கு?

பழைய காரை வைத்திருப்பதே குற்றம் என்ற சூழலும் வளர்ந்திருக்கிறது. தில்லித் தலைநகர் பிராந்தியத்தில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு 2025 வரை இதில் உத்தரவுகள் மாறி மாறி வந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் பழைய வாகனங்களைக் கழிக்கும் மத்திய அரசின் கொள்கை தொடங்கியது. 2022 ஏப்ரலில் 15 வருடக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக எகிறியது. புகை, மாசு என்று அதற்கு நியாயங்கள் உண்டு. ஆனால் வயதை மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்காத ஒன்று, பராமரிப்பில் இருக்கும் 16 வருட வண்டியைவிட புஷ் போன 9 வருட வண்டி நெடுஞ்சாலையில் ஆபத்தானது என்பது. வெறும் கண்ணால் பார்த்து, ஹாரன் அடித்து, ஃபிட்னஸ் சான்றிதழ் கொடுத்த காலத்தில் ஆர்ம் புஷ்ஷை யாரும் பார்த்ததில்லை. தானியங்கிப் பரிசோதனை நிலையங்களில் சக்கரத்தை ஆட்டி மூட்டுத் தளர்வைக் காட்டும் தட்டுகள் வந்திருக்கின்றன. பெயிலாகி வந்து நிற்கும்போது 'ஷாக் மாற்று' என்ற பழைய தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு மறுபடி ஏமாறாமல் இருக்க, எது தேய்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள், தரையில் நின்றபடிதான். இரண்டு, பழைய புஷ்களைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாற்றியதாக பில் இருந்தால் ஆறு கையில் வர வேண்டும். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறதா, துளை நடுவில் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். குறுக்கு ராடின் இரண்டையும் பலர் மாற்றாமலே விட்டுவிடுவார்கள். கையில் நாலுதான் வந்தது என்றால், மிச்சம் இரண்டு இன்னும் வண்டிக்கடியில்தான் இருக்கிறது.